வேலையிடத்தில் பாகுபாடு: புகார் கொடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கிலிருந்து பாலோ பக்கம் போனாலும் ரெங்கம் பக்கம் போனாலும் வழிநெடுகச் செம்பனைதான். தோட்டத்தில் மிஞ்சியவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். மற்றவர்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன், பிறகு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்காருகிறேன். சம்பளச் சீட்டையும் கடிதங்களையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். இதில் சொல்லியிருப்பது தீபகற்ப மலேசியாவுக்குரிய சட்டம். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனித் தொழிலாளர் சட்டங்கள் இருக்கின்றன.

மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) என்னைக் கண்டபடி திட்டுகிறார். இது பாகுபாடா?

எல்லாரையும் திட்டுகிற மண்டோர் என்றால் அவர் முரடர், அவ்வளவுதான். அதற்கு வேறு வகையில் புகார் கொடுக்கலாம். உங்களோடு அதே வேலையைச் செய்கிற இன்னொருவரை ஒரு மாதிரியும், உங்கள் இனம், மதம், நீங்கள் பெண் என்பது, கர்ப்பம், வயது, உடற்குறை இப்படி ஏதோ ஒன்றைக் காரணமாக வைத்து உங்களை வேறு மாதிரியும் நடத்தினால் அது பாகுபாடு.

தோட்டத்தில் இது பெரும்பாலும் வாய்ச்சொல்லாக வராது. வேலைக்காடு பிரிக்கும்போது, அதாவது யாருக்குத் தோட்டத்தின் எந்தப் பகுதி என்று ஒதுக்கும்போது வரும். ஒருவருக்கு ரோட்டோரத்தில் சமதரை, இளமரம். இன்னொருவருக்குத் தினமும் மேட்டுக்காடு. இருபது வயது தாண்டிய மரத்தில் நீளக் கம்பை அண்ணாந்து பிடித்து ஒரு குலை வெட்டுகிற நேரத்தில், இளமரத்தில் மூன்று குலை வெட்டிவிடலாம். குலைக்கு இவ்வளவு என்று கூலி இருக்கிற இடத்தில், யாருக்கு எந்தக் காடு என்று மண்டோர் சொல்கிறபோதே சம்பளமும் தீர்மானமாகிவிடுகிறது. கூலி விகிதம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று ஆபீசில் சொல்வார்கள். விகிதம் ஒன்றுதான். மாசக் கடைசியில் கையில் வருகிற தொகை ஒன்றில்லையே.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வந்து சில வருஷம்தான் ஆகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தன. அதில் சேர்ந்ததுதான் 69எஃப் பிரிவு. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே வேலையில் பாகுபாடு சம்பந்தமாகத் தகராறு வந்தால், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு செய்து உத்தரவு போடலாம். அந்த உத்தரவை முதலாளி மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். அதற்குப் பிறகும் மீறிக்கொண்டே இருந்தால் நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட் வரை கூடும்.

பாகுபாடு என்றால் இதுதான் என்று அந்தச் சட்டம் விளக்கம் தரவில்லை. இதைக் கேட்டதும் பலர் சோர்ந்துபோகிறார்கள். பட்டியல் இல்லாததால் உங்கள் விஷயம் பட்டியலுக்கு வெளியே என்று தள்ளவும் வழியில்லை என்று அவர்களுக்குச் சொல்வேன். என்ன, விளக்கிக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. அதனால்தான் கீழே நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. 2023 முதல் இந்தச் சட்டம் சம்பள வரம்பில்லாமல் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும். மாசம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு ஓவர்டைம் போன்ற சில சலுகைகள் மட்டும் கிடையாது. பாகுபாட்டுப் புகாரை வேலையில் இருக்கிற யாரும் கொடுக்கலாம்.

வேலைக்கு மனுப் போட்டேன். 'உங்க ஆளுங்களை எடுக்கறதில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். புகார் கொடுக்கலாமா?

மனசு வலிக்கிற பதில்தான். 69எஃப் பிரிவு தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான தகராற்றைப் பற்றியது. வேலைக்கே சேராதவர் அதில் வரமாட்டார். கூட்டரசு அரசியல் சட்டத்தின் 8-ஆவது விதி மதம், இனம், வம்சம், பிறந்த இடம், பால் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. பால் என்ற சொல் 2001-இல்தான் அதில் சேர்ந்தது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிற விதி, தனியார் கம்பெனியை அல்ல. 'மண்டரின் பேசத் தெரிய வேண்டும்' என்று போடுகிற விளம்பரங்களும் இந்த ஓட்டையில்தான் தப்பிக்கின்றன. இதை அடைக்க வேண்டும். அதுவரை அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்து, உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சேவை மையத்தில் எழுத்தில் கொடுங்கள்.

என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. எப்படி நிரூபிப்பது?

இந்தக் கேள்விக்கு என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொழிற்சாலையில் நானும் ஒரு பையனும் ஒரே வரிசையில் வேலை செய்தோம். எனக்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து வந்தவன். வேலை பழக்கிக் கொடுத்ததே நான்தான். சூப்பர்வைசர் பதவி அவனுக்குப் போனது. 'பொம்பளைக்கு நைட் ஷிப்டு சரிப்படாது' என்றார் மேலாளர். அதற்கு முன் நான்கு வருஷமாக நான் நைட் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தோடு லேபர் ஆபீசுக்கு, அதாவது தொழிலாளர் இலாகாவின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். எந்தத் தேதியில் சொன்னார்? யார் பக்கத்தில் இருந்தார்கள்? அந்தப் பையன் எப்போது வேலைக்குச் சேர்ந்தான்? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்போது 69எஃப் பிரிவும் இல்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து, வருகிற எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, பின்அட்டையில் வாய்ப்பாடு போட்டது, அது போதும். தாளைக் கிழிக்காதீர்கள், இடையில் பக்கம் விடாதீர்கள். நடந்த அன்றைக்கே ராத்திரி படுக்கும் முன் எழுதிவிடுங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் எழுதி வந்தது இது. தேதிகளையும் கணக்கையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்:

'3-ஆம் தேதி, திங்கள். காலைப் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு). எனக்கு மேட்டுக்காடு. புதுசா வந்த மூணு பேருக்கு ரோட்டுக்காடு. நான் 46 குலைக்கு உதிரிப்பழம் பொறுக்கினேன். அவங்க 110க்கு மேல். மண்டோர்கிட்ட ஏன்னு கேட்டேன். உனக்கு அதுதான்னார். தண்ணி லாரி டிரைவர் கேட்டுக்கிட்டு இருந்தார்.

4-ஆம் தேதி. மறுபடி மேட்டுக்காடு. 41.

5-ஆம் தேதி. மேட்டுக்காடு. மழை. 11 மணிக்கு நிறுத்தம்.'

படித்துப் பாருங்கள். இதில் அழுகையோ வசவோ இல்லை. தேதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்த ஆள், எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு இருக்கிறது. நம்மவர்கள் தங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுவார்கள். 'எனக்கு 46' என்று மட்டும் எழுதினால் நீங்கள் வேலையில் மந்தம் என்று ஆபீஸ் சொல்லிவிடும். பக்கத்தில் அந்த 110 இருந்தால்தான் அது பாகுபாட்டுப் புகாராகிறது. அந்த அக்கா இரண்டரை மாசம் எழுதினார். அவர் மகள் அதைக் கூட்டிக் கணக்குப் போட்டபோது, அறுபது வேலை நாளில் ஐம்பத்து மூன்று நாள் மேட்டுக்காடு என்று வந்தது.

நோட்டோடு சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். சம்பள விவரத்தை உங்களுக்குத் தருவது முதலாளியின் கடமை. தொழிலாளர் பதிவேட்டை ஆறு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதனால் 'பழைய ரெக்கார்டு இல்லை' என்று விசாரணையில் அவ்வளவு எளிதாகச் சொல்லித் தப்ப முடியாது. வாட்ஸ்அப் செய்திகளைத் தேதியோடு படமெடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்து எல்லாம் போயிற்று என்று என் மேசைக்கு முன்னால் கண்கலங்கியவர்கள் உண்டு.

கம்பெனி தீபாவளிக்கு லீவு தரவில்லை. இதுவே பாகுபாடுதானே?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். வருஷத்துக்குப் பதினொரு பொது விடுமுறை தர வேண்டும். அதில் ஐந்து கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுத்து, வருஷம் பிறக்கும் முன்பே எல்லாரும் பார்க்கிற இடத்தில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும். தீபாவளி அந்தக் கட்டாய ஐந்தில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே முதலில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். மற்றவர்களின் பெருநாளெல்லாம் பட்டியலில் இருந்து, நம்முடையது மட்டும் ஒவ்வொரு வருஷமும் விடுபட்டிருந்தால், அந்தப் பட்டியல்களைப் படமெடுத்துப் புகாரோடு சேருங்கள். தீபாவளி பட்டியலில் இருந்தும் வேலைக்குக் கூப்பிட்டால், அது சம்பளக் கணக்கு. நாள் கூலிக்காரருக்கு அன்றைய விடுமுறைச் சம்பளத்தோடு இன்னும் இரண்டு நாள் கூலி சேர வேண்டும்.

கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொன்னதும் வேலையை விடச் சொல்கிறார்கள்.

விடாதீர்கள் தங்கச்சி. கையெழுத்தும் போடாதீர்கள். கர்ப்பிணியை வேலையிலிருந்து நிறுத்துவது 41ஏ பிரிவின்படி குற்றம். வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறியது, ஒழுங்கீனம், கம்பெனியையே மூடுவது ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிறுத்தியது கர்ப்பத்துக்காக இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். பிரசவ விடுமுறை இப்போது 98 நாள்.

இது எப்படி மாறி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பமானதற்காக வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கை, அரசியல் சட்ட விதி அங்கே பொருந்தாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளியது. கர்ப்பிணி என்பதற்காகத் தற்காலிக ஆசிரியர் வேலை பறிபோன ஒரு பெண்ணுக்கு, அது பால் பாகுபாடுதான் என்று 2011-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தப் பெண்கள் விடாமல் போராடியதை நினைத்துக்கொண்டால் எனக்கு இன்னும் தெம்பு வரும்.

மருந்தடிக்கும் வேலையில் இருக்கிற கர்ப்பிணிகள் கிளினிக்கில் கடிதம் வாங்கி, வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வேறு வேலை கொடுத்துவிட்டுச் சம்பளத்தைக் குறைத்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொண்டு எங்களை நிறுத்துகிறார்கள். அவர்கள்மேல் புகார் கொடுக்கலாமா?

அவர்கள்மேல் இல்லை, முதலாளிமேல் கொடுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளியை வைப்பதற்காக உள்நாட்டுத் தொழிலாளியை நிறுத்தக் கூடாது என்று 60எம் பிரிவு சொல்கிறது. ஆட்குறைப்பு என்று வந்தால், அதே வேலை செய்யும் வெளிநாட்டவர்களை முதலில் நிறுத்திய பிறகே உள்நாட்டவர்மேல் கை வைக்கலாம் என்கிறது 60என். அதே சட்டத்தின் 60எல் பிரிவு, வேலை நிபந்தனைகளில் பாகுபாடு என்று உள்நாட்டவரும் புகார் கொடுக்கலாம், வெளிநாட்டவரும் கொடுக்கலாம் என்கிறது. பக்கத்து லயத்து வங்காளதேசத் தம்பிக்கு உங்களைவிடக் குறைவாகக் கொடுத்தால் அவனும் போகலாம். நம் தாத்தாக்களும் ஒரு காலத்தில் அப்படிக் கப்பலேறி வந்தவர்கள்தான். அவனைத் திட்டி நமக்கு ஒரு காசு கூடப் போவதில்லை.

முதலில் ஆபீசில் சொல்வதா, சங்கத்திலா, லேபர் ஆபீசிலா?

நீங்கள் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தில் உறுப்பினர் என்றால் கிளைச் செயலாளரிடம் முதலில் பேசுங்கள். 1954-இல் தொடங்கிய சங்கம், முதலாளிகளின் அமைப்போடு கூட்டு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. பல விஷயங்கள் அந்த வழியிலேயே தீர்ந்துவிடும். சங்கம் இல்லாத இடத்தில் மேலாளருக்கோ எச்ஆருக்கோ ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். ஒரு வாரம் பத்து நாளில் பதில் வராவிட்டால் லேபர் ஆபீஸ்தான். சங்கத்தில் இருப்பதற்காகவே உங்களை ஒதுக்குகிறார்கள் என்றால், அதற்கு 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதற்குத் தொழிலியல் உறவு இலாகாவுக்குப் போக வேண்டும்.

லேபர் ஆபீசில் என்ன நடக்கும்? காசு செலவாகுமா? வக்கீல் வேண்டுமா?

புகார் கொடுக்கக் காசு கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. மாவட்டப் பெஜாபாட் தெனாகா கெர்ஜாவில் (லேபர் ஆபீசின் மலாய்ப் பெயர்), கவுண்டரில் 'நாக் புவாட் அடுவான் டிஸ்கிரிமினாசி, செக்சியன் 69எஃப்' என்று சொல்லுங்கள். 69எஃப் பிரிவின்கீழ்ப் பாகுபாட்டுப் புகார் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். பிரிவின் எண்ணைச் சொல்வது முக்கியம். சும்மா 'மேனேஜர் மோசம்' என்று சொன்னால் சம்பளத் தகராறா, வேறு ஏதாவதா என்று சுற்ற விடுவார்கள். 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' என்ற செயலியிலும் புகார் பதியலாம். ஆனால் நேரில் போய்க் கொடுப்பதையே நான் சொல்வேன். அதிகாரி உங்கள் முகத்தைப் பார்த்து நான்கு கேள்வி கேட்டால்தான் விஷயம் தெளிவாகும்.

உங்கள் வாக்குமூலத்தை எழுதுவார்கள். முதலாளியைக் கூப்பிடுவார்கள். முதலில் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். தீரவில்லை என்றால் விசாரணை. எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மலாய் சரளமாக வராதென்றால் பள்ளிக்கூடம் படித்த பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துப் போங்கள்.

புகார் கொடுத்ததும் வேலையை விட்டு நிறுத்திவிட்டால்?

60 நாள். இதை அட்டையில் எழுதி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டால் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ், நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். போக வேண்டிய இடம் லேபர் ஆபீஸ் இல்லை, தொழிலியல் உறவு இலாகா, மலாயில் பெர்ஹுபுஙான் பெருசஹாஆன். இரண்டையும் குழப்பிக்கொண்டு, தவறான வாசலில் வாரக்கணக்கில் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே சமரசம் ஆகாவிட்டால் விஷயம் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். வேலையில் நிலையானவர்களுக்கு 24 மாசச் சம்பளம் வரை நிலுவையாகக் கிடைக்க வழியுண்டு.

'நீயே ராஜினாமா எழுதிக் கொடு, நல்ல கடிதம் தருகிறேன்' என்று சொல்வார்கள். எழுதாதீர்கள். நெருக்கடி தாங்காமல் வெளியேறினாலும், வெளியேற்றியதற்குச் சமம் என்று வாதாடலாம். ஆனால் அது கடினமான வழக்கு.

வயசாகிவிட்டது என்று 57 வயதில் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதற்கு முன்பே ஓய்வு கொடுத்தால் இதற்கும் 60 நாளுக்குள் லேபர் ஆபீசில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

மேலாளர் தொட்டுப் பேசுகிறார், ராத்திரி நேரத்தில் அசிங்கமாகச் செய்தி அனுப்புகிறார். இதையும் பாகுபாடு என்றே எழுதலாமா?

பாலியல் தொல்லை என்று தனியாக எழுதுங்கள். அதற்குத் தனிச் சட்டவழி இருக்கிறது. வேலைச் சட்டப்படி முதலாளி அந்தப் புகாரை விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். முதலாளியே தொல்லை கொடுப்பவர் என்றால் நேராக லேபர் ஆபீசுக்குப் போகலாம். பாலியல் தொல்லைக்கு எதிரான நடுவர் மன்றமும் 2024 முதல் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. தனியாகப் போக வேண்டாம். அக்காவோ அத்தையோ கூட வரட்டும்.

லயத்து வீடு கம்பெனியுடையது. புகார் கொடுத்தால் வீடும் போகுமே?

இந்தப் பயம்தான் எங்கள் பக்கத்தில் பலரின் வாயைக் கட்டுகிறது. என் அப்பாவும் இதே பயத்தில் முப்பது வருஷம் பேசாமல் இருந்தவர். வேலை இருக்கிற வரை, புகார் கொடுத்தாய் என்பதற்காக வீட்டைக் கேட்பது பழிவாங்கல். அதையும் அதே நோட்டில் எழுதி, நடக்கிற புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடாமல் படமெடுத்துக்கொண்டு, அன்றைக்கே சங்கத்திடமோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திடமோ காட்டுங்கள். முடிந்தால் புகாரை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கொடுங்கள். ஒரு வீட்டுக்குப் பூட்டுப் போடத் துணிகிறவர்கள் ஒரு வரிசைக்கே பூட்டுப் போடத் தயங்குவார்கள்.

மனுவில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். மேலே உங்கள் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வேலை, சேர்ந்த தேதி. அடுத்து, யாரோடு ஒப்பிட்டால் உங்களுக்குக் குறைவு என்று இரண்டு வரி: 'நானும் இந்த மூவரும் ஒரே வேலை. நான் சேர்ந்து ஒன்பது வருஷம், அவர்கள் ஒரு வருஷம். அறுபது நாளில் ஐம்பத்து மூன்று நாள் எனக்கு மேட்டுக்காடு.' பிறகு எதனால் அப்படி நடத்துகிறார்கள் என்று நினைக்கிறீர்கள், அதற்கு எந்தப் பேச்சோ சம்பவமோ அடையாளம். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காடு சுழற்சி முறையில் வேண்டுமா, விட்டுப்போன கூலி வேண்டுமா, பதவி உயர்வைத் திரும்பப் பரிசீலிக்க வேண்டுமா என்று தெளிவாக எழுதுங்கள். 'நியாயம் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அதிகாரி எந்த உத்தரவைத்தான் போடுவார்?

ஐசி, வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், நோட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அசலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்கள் நகலில் தேதியோடு பெஜாபாட்டின் சாப் (முத்திரை) குத்தி வாங்கிக்கொண்டு, புகார் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.